விளையாட்டுத் தடையும் சர்க்கார் கடமையும்

(திருவையாற்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், அயல்நாட்டு விளையாட்டுக்காரர்கள் வருகையைப் பற்றிச் சச்சரவு உண்டானால் சர்க்கார் என்ன செய்ய வேண்டும் என்பதாகும். மேடைக்கு வரும் வழியில் ஒரு தோழர் என்னை நிறுத்தி, "ஐயா, காவிரிக் கரையில் வந்து பேசுவதற்குப் பந்தாட்டந்தானா கிடைத்தது? நெல் கொள்முதலைப் பற்றிப் பேசினாலாவது பிரயோஜனம் உண்டே!" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயந்தான். ஆனால் தோழர்களே, மைதானத்தின் வாசலில் ஒருவனை நிறுத்தி, "நீ உள்ளே வரக்கூடாது" என்று சொல்லுவது சின்ன விஷயமல்ல. தெருவிலும் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் அப்படி நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். ஆகையால் யாரை, எதற்காக, யார் நிறுத்துகிறார்கள் என்று கேட்கிற உரிமையும் கடமையும் மற்ற எல்லாரையும்விட நமக்கு அதிகம்.

நான் சொல்லப்போவது இங்கே கூடியுள்ளவர்களில் பலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். 2013-ம் வருஷம் தஞ்சாவூர்த் தெருவில் கோஷம் போட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நானும் போட்டவன்தான். அன்று போட்ட கோஷத்தைப் பற்றி இன்று நானே யோசித்துப் பார்த்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நடந்தது என்ன?

இலங்கையில் 2009-ம் வருஷம் மே மாதம் யுத்தம் முடிந்தது. கடைசி மாதங்களில் மாத்திரம் 40,000 சிவிலியன்கள் வரை மாண்டிருக்கலாம் என்பதாக ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் எழுதி வைத்தது. மாண்டவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறு கடல்தான். ஆகவே தமிழ்நாடு கொதித்ததில் தவறு ஒன்றும் இல்லை. கொதிக்காமல் இருந்திருந்தால்தான் நம்மை மனிதர்கள் என்று சொல்ல முடியாது.

இந்தக் கொதிப்பினிடையே விளையாட்டு சம்பந்தமாக மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, 2012 செப்டம்பர் தொடக்கத்தில் இலங்கைப் பள்ளிக்கூடங்களிலிருந்து கால்பந்து ஆட வந்திருந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்படி முதல் மந்திரி ஜெயலலிதா உத்தரவிட்டார். சென்னை நேரு மைதானத்தில் ஆட அனுமதி கொடுத்ததற்காக அங்கே பொறுப்பிலிருந்த அதிகாரி சஸ்பெண்டு செய்யப்பட்டார்.

இரண்டாவது, 2013 ஜூலையில் சென்னையில் நடக்கவேண்டியிருந்த ஆசிய தடகளப் போட்டியை, இலங்கையார் கலந்துகொள்வதானால் நடத்தமாட்டோம் என்று பிப்ரவரி மாதத்தில் சர்க்கார் அறிவித்துவிட்டது. போட்டி புனாவுக்குப் போய்விட்டது.

மூன்றாவது, அதே வருஷம் மார்ச்சு 26-ந் தேதி முதல் மந்திரி பிரதம மந்திரி மன்மோகன் சிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் இலங்கை ஆட்டக்காரரோ, நடுவரோ, சிப்பந்தியோ ஒருவரும் இல்லை என்று உறுதி கொடுத்தால்தான் தமிழ்நாட்டில் ஆட்டம் நடத்த அனுமதி என்பது அதன் சாரம். அன்றே ஐ.பி.எல். நிர்வாகத்தார், சென்னை ஆட்டங்களில் இலங்கையார் ஆடமாட்டார்கள் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

இம்மூன்றையும் நாம் ஒரே கூடையில் போட்டு, ஒரே கைதட்டுத் தட்டினோம். அதுதான் நாம் செய்த தவறு என்பது என் அபிப்பிராயம்.

மூன்று சாவிப் பூட்டு

முதலில் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அயல்நாட்டுக் குழு ஒன்று இங்கே வந்து ஆடுவதென்பது மூன்று சாவி போட்ட பெட்டியைத் திறப்பது போன்றது. அயல்நாட்டு உறவு, விசா ஆகியவை டில்லி சர்க்காரின் சாவி. மைதானம், போலீஸ், அமைதி காப்பது, விளையாட்டு நிர்வாகம் ஆகியவை அரசியல் சட்டப்படி மாநில சர்க்காரின் சாவி. எவன் எவனோடு எந்தத் தேதியில் ஆடுவது என்பது விளையாட்டுச் சங்கத்தாரின் சாவி. மூன்றில் ஒரு சாவி மறுத்தாலும் பெட்டி திறக்காது.

இதனால் என்ன ஆகிறதென்றால், ஆளுக்கு ஆள் பழியைத் தள்ளிவிட வசதியாய்ப் போய்விடுகிறது. டில்லி விசா கொடுத்துவிட்டு, "ஆடுவதும் ஆடாததும் மாநிலத்தின் பாடு" என்கிறது. மாநிலம், "விசாவைக் கொடுத்தது நாங்களா?" என்கிறது. சங்கத்தார், "நாங்கள் வெறும் விளையாட்டுக்காரர்கள், எங்களுக்கு அரசியல் என்ன தெரியும்?" என்று டிக்கெட்டு விற்கப் போய்விடுகிறார்கள். நடுவில் அகப்பட்டுக்கொள்கிறவன் யார் என்றால், செருப்பும் சட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்த பையன். 2012-ல் அகப்பட்டவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

அந்த வாரமே, நமக்குப் பக்கத்திலுள்ள பூண்டி மாதா கோயிலுக்கு வந்திருந்த இலங்கை யாத்திரிகர்களை ஒரு கூட்டம் முற்றுகையிட்டதும், அவர்கள் போலீசு காவலோடு திருச்சிக்குப் போகும்போது வண்டிகள் தாக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். பெண்களும் குழந்தைகளும் அவற்றில் இருந்தார்கள். யாத்திரையைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் கும்பிடப் போகிறவனைக் கல்லால் அடிப்பது பகுத்தறிவு ஆகாது. சர்க்காரே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால், தெருவில் நிற்கிறவன் கல்லை எடுப்பதற்கு அது உத்தரவு போல் ஆகிவிடுகிறது. மேலே இருப்பவர்கள் பேனாவால் செய்ததைக் கீழே இருப்பவன் கையால் செய்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்னாப்பிரிக்கா காட்டிய வழி

"அப்படியானால் விளையாட்டில் பகிஷ்காரமே கூடாதா?" என்று கேட்பீர்கள். கூடும். அதற்கு உலகமறிந்த உதாரணம் தென்னாப்பிரிக்கா.

அந்த நாடு நமக்குத் தூரத்து நாடல்ல. 1860-ம் வருஷம் முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்கள் நம்மவர்கள். அங்கே போராடிச் சிறை சென்று 1914-ல் பதினாறே வயதில் மாண்ட வள்ளியம்மையின் பெற்றோர் ஊர், இந்தக் காவிரி போய்ச் சேருகிற பக்கத்திலுள்ள தில்லையாடிதான்.

அங்கே வெள்ளையன் வேறு, கருப்பன் வேறு, இந்தியன் வேறு, கலப்பினத்தான் வேறு என்று பிறப்பினால் பிரித்து, பள்ளிக்கூடம், ரயில், கடற்கரை, விளையாட்டு எல்லாவற்றிலும் கோடு போட்டார்கள். நாட்டின் பெயரால் ஆடும் குழுவில் வெள்ளையனுக்கு மாத்திரமே இடம். 1963-ல் சீசங்கர் சீகோலம் என்கிற இந்திய வம்சத்துக் கோல்ப் ஆட்டக்காரர் நேட்டால் போட்டியில் வெள்ளையரையெல்லாம் ஜெயித்தார். ஜெயித்தவருக்குப் பரிசு எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? வெள்ளையர் சங்கக் கட்டடத்துக்குள் அவர் நுழையக்கூடாது என்று, வெளியே மழையில் நிறுத்திக் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டு நீங்கள் "சே!" என்கிறீர்கள். நல்லது. பல்வங்கர் பாலு என்று ஒருவர் நம் நாட்டில் இருந்தார். தோல் வேலை செய்யும் சாதியார். 1911-ல் இங்கிலாந்து சென்ற முதல் இந்தியக் கிரிக்கெட்டுக் குழுவில் அவரைப்போல் பந்து வீசியவர் வேறு ஒருவருமில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் நூறு பேருக்கு மேல் வீழ்த்தினார். அவருக்கு இந்து சங்கத்தார் புனாவில் தேநீர் எப்படிக் கொடுத்தார்கள்? கூடாரத்துக்கு வெளியே, தனி மண் கோப்பையில். பந்து தொடலாம், குவளை தொடக்கூடாது! டீக்கடை இரட்டைக் குவளையைக் கண்ணால் கண்ட நமக்கு, தென்னாப்பிரிக்காவின் சட்டத்தைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுப் புஸ்தகம் வேண்டியதில்லை.

நிற்க. இப்படிப்பட்ட நாட்டோடு ஆடுவதா என்ற கேள்வி வந்தபோது சர்க்கார்கள் எப்படி நடந்துகொண்டன என்று பாருங்கள்.

1968-ல் இங்கிலாந்துக் குழுவில் பேசில் டி ஒலிவெரா என்கிற கலப்பினத்து ஆட்டக்காரரைச் சேர்த்ததும், "அவரோடு வந்தால் உங்கள் குழுவே வரவேண்டாம்" என்று தென்னாப்பிரிக்கப் பிரதம மந்திரி வோர்ஸ்டர் சொல்லிவிட்டார். பயணம் நின்றது. 1970-ல் தென்னாப்பிரிக்கர் இங்கிலாந்துக்கு வரவிருந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிற்று. உள்நாட்டு மந்திரி காலகன் கிரிக்கெட்டு நிர்வாகத்தாரைக் கூப்பிட்டு, அழைப்பை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். வாங்கிக்கொண்டார்கள்.

நியூசிலாந்தில் நடந்தது இதற்கு மாறானது. அந்நாட்டுப் பிரதம மந்திரி மல்டூன், தென்னாப்பிரிக்காவோடு விளையாட்டு உறவை ஊக்குவிப்பதில்லை என்று 1977-ல் காமன்வெல்த்துத் தலைவர்களோடு சேர்ந்து ஒப்புக்கொண்டவர். ஆனால் 1981-ல் தென்னாப்பிரிக்க ரக்பி குழு வந்தபோது, "அது சங்கத்தாரின் சுதந்திரம், நான் தலையிடமாட்டேன்" என்று கையை விரித்துவிட்டார். விளைவு என்ன? ஹாமில்டன் நகரில் ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆக்லண்டில் ஆகாய விமானத்திலிருந்து மாவு மூட்டை விழுந்தது. தடி கொண்ட போலீசுக்கும் ஜனங்களுக்கும் தெருத்தெருவாய்ச் சண்டை. வீட்டுக்கு வீடு தகப்பனும் மகனும் பேசாமல் போனார்கள். "தலையிடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, ஆட்டம் நடக்க வேண்டி ஆயிரக்கணக்கான போலீசை நிறுத்துவது தலையிடுவதல்லாமல் வேறென்ன?

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதே" என்கிற உபதேசம் எப்போதும் யார் வாயிலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். ஏற்கெனவே தன் அரசியலைக் கலந்து, கலக்கி, ஆற வைத்துவிட்டவன் வாயிலிருந்துதான் வருகிறது. "சாதியைப் பற்றிப் பேசாதே" என்று சொல்லுகிறவன் சாதியை விட்டவனாய் இருப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

நம் நாடு செய்தது என்ன? 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்தி, ஐக்கிய நாடுகள் சபையில் பிராது கொடுத்தது. அதன் பிறகு, 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியா கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தக் குழுவின் தூண்கள் நம் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். எதிரி தென்னாப்பிரிக்கா. ஆடினால் கோப்பை கைக்கு வரக்கூடும். ஆனாலும் ஆடுவதில்லை என்று முடிவாயிற்று. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அந்தக் கோப்பை இன்றுவரை இந்தியாவுக்கு வந்ததில்லை. சொந்தக் கையில் இருந்ததை விட்டுக்கொடுத்துச் சொன்ன மறுப்பு அது. ஆகையால்தான் அதற்கு மதிப்பு.

நிறத்தடை தளர ஆரம்பித்தபின், 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட்டுக் குழு மீண்டும் உலகத்துக்குள் வந்தபோது, முதல் ஆட்டம் ஆடியது நம் கல்கத்தாவில். கதவை முதலில் அடைத்தவர்களில் ஒருவர் நாம். முதலில் திறந்தவர்களும் நாம். கதவு அடைப்பது திறப்பதற்காகத்தான் என்பதை அது காட்டிற்று.

மூன்று கேள்விகள்

இதிலிருந்து மூன்று கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தடையையும் இவற்றால் உரசிப் பாருங்கள்.

ஒன்று: குற்றம் அந்த விளையாட்டுக் குழுவுக்குள்ளேயே இருக்கிறதா? தென்னாப்பிரிக்காவில் இருந்தது. தோலைப் பார்த்துப் பொறுக்கிய குழு அது. அதோடு ஆடுவதென்றால் அந்தப் பொறுக்கலை ஒப்புக்கொள்வதாகும்.

இரண்டு: அடிபட்டவன் கேட்டானா? அங்கே கேட்டான். நிறம் பாராத விளையாட்டுச் சங்கங்கள் அந்த நாட்டிலேயே கூடி, அநியாயமான சமுதாயத்தில் நியாயமான விளையாட்டு நடக்க முடியாது என்று சொல்லி, எங்கள் நாட்டோடு ஆடாதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டன. அவற்றின் காரியதரிசியாக இருந்து உழைத்தவர் தர்பன் நகரத்து எம். என். பேத்தர் என்கிற இந்திய வம்சத்தவர். தன் பிள்ளைகளும் உலகப் போட்டிக்குப் போக முடியாது என்று தெரிந்தே அவர்கள் கேட்டார்கள்.

மூன்று: பாரம் யார் தலையில் இறங்குகிறது? பலசாலி தலையிலா, கைக்கு எட்டினவன் தலையிலா?

இப்போது 2012, 2013 காரியங்களை உரசிப் பாருங்கள்.

தடகளப் போட்டியை நடத்த மறுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். அது நாட்டுக் கொடி பிடித்து, சர்க்கார் விருந்தினராக வரும் போட்டி. ரத்தினக் கம்பளம் விரிக்கும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த மறுப்பால் நஷ்டப்பட்டதும் மறுத்தவர்களே. நம் ஊர்ப் பிள்ளைகள் சொந்த மண்ணில் ஓடும் சந்தர்ப்பத்தை இழந்தார்கள். ஆகவே அதில் ஒரு யோக்கியதை உண்டு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திருப்பியது மூன்று கேள்விக்கும் நிற்காது. பந்து உதைக்க வந்த பையன் எந்தத் துப்பாக்கியைப் பிடித்தான்? தகப்பன் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிப்பது, பூர்வ ஜென்ம பலன் என்று சொல்லி ஒருவனைத் தெருவில் விடாத அதே நியாயந்தானே? பிறந்த இடத்தைக் கொண்டு குற்றம் சுமத்துவதை எதிர்த்து நாம் ஆயுள் முழுதும் பேசிவிட்டு, இங்கே மாத்திரம் அதை ஒப்புக்கொள்ளலாமா?

ஐ.பி.எல். தடை இன்னும் வேடிக்கை. அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் ஆட்டமல்ல. இந்திய முதலாளிகள் ஏலத்தில் எடுத்த ஆட்களைக் கொண்டு நடத்தும் வியாபாரம். அந்தத் தடையால் சென்னையில் ஆட முடியாமல் போனவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பெங்களூர்க் குழுவில் இருந்த முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து போன பாட்டனாரின் பேரன். கண்டியில் பிறந்த தமிழர். அவருடைய அரசியல் அபிப்பிராயம் நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கும் பிடிக்காது. ஆனால் தமிழருக்காக என்று போட்ட தடை ஒரு தமிழரையும் வாசலில் நிறுத்திற்று என்பது உண்மை. சேப்பாக்கத்தில் லீக் ஆட்டம் நின்றதா? இல்லை. டிக்கெட்டு விற்பது நின்றதா? இல்லை. விளம்பரம் நின்றதா? இல்லை. முதலாளிக்கு ஒரு குறையுமில்லாமல் கூலிக்காரன் மாத்திரம் வெளியே உட்கார்ந்தான்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. தென்னாப்பிரிக்கா விஷயத்தில் முதலில் வியாபாரக் கப்பல் நின்றது. பிறகு பந்து நின்றது. இலங்கை விஷயத்தில் 2000-ம் வருஷம் முதல் அமுலிலுள்ள சுதந்திர வியாபார ஒப்பந்தம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது. பந்து மாத்திரம் நின்றது. 2012-லும் 2013-லும் ஜெனீவா சபையில் இலங்கை மீதான தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்ட இந்திய சர்க்கார், 2014-ல் ஓட்டே போடாமல் ஒதுங்கிக்கொண்டது. அந்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருந்தேன். கிரிக்கெட்டுக்காரனை நிறுத்தத் தெருவுக்கு வந்த எனக்கு, ஓட்டுப் போடாத சர்க்காரைக் கேட்கக் கால் எழும்பவில்லை.

தோழர் ஒருவரின் சீட்டு

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "அப்படியானால் இலங்கையில் நடந்த கொலைகளை மறந்துவிட்டு அவர்களோடு கைகுலுக்கச் சொல்கிறீரா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் மறக்கச் சொல்லவே இல்லை. மறக்காமல் இருக்கவேண்டுமென்பதற்காகத்தான் சொல்லுகிறேன். 2013-ல் தடை போட்டோம். பத்து வருஷம் கழித்து, 2023-ல் அதே சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டு ஆடிய இலங்கைப் பையன்கள் பதிரணவுக்கும் தீக்ஷணவுக்கும் கூரை அதிரக் கைதட்டினோம். கைதட்டியது தவறல்ல. நன்றாய்ப் பந்து போட்டவனுக்குக் கைதட்டுவது மனிதத் தன்மை. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் நம்மை ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய மைதானம் அது. வடக்கே ஒரு கூட்டத்தார் டில்லி மைதானத்தையே தோண்டிப்போட்ட அதே மாதத்தில், சர்க்கார் காவல் போட்டு ஆட்டத்தை நடத்திற்று; சென்னை ஜனங்கள் கௌரவமாய் நடந்துகொண்டார்கள்.

நான் கேட்பது வேறு. 2013-க்கும் 2023-க்கும் நடுவில் என்ன நியாயம் கிடைத்தது? காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு, 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவில் உட்கார்ந்தார்களே, அவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் கிடைத்துவிட்டதா? இல்லை. தடை வந்தது, தடை போயிற்று. அந்தத் தாய்மார்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே தடை அவர்களுக்காகப் போடப்பட்டதா, நம் கோபம் ஆறுவதற்காகப் போடப்பட்டதா?

காவிரி கற்றுக்கொடுத்த பாடம்

இதை நம் ஊர் விஷயத்தைக் கொண்டே பாருங்கள். 2018 ஏப்ரலில் காவிரிக்காகச் சேப்பாக்கத்தின் முன் போராட்டம் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மீதி ஐ.பி.எல். ஆட்டங்கள் புனாவுக்குப் போயின. தமிழ்நாட்டின் கோபம் டில்லிக்குக் கேட்டது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காவிரி ஆணையம் எப்படி வந்தது? நம் டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்று 1983-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. அதன் பலனாக 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 2018 பிப்ரவரி 16-ந் தேதி முடிவான தீர்ப்பு வந்தது, தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றார்கள். நமக்குக் குறைவுதான். தீர்ப்பை நிறைவேற்ற டில்லி தாமதித்தபோது மறுபடியும் கோர்ட்டுக்குப் போய், ஜூன் 1-ந் தேதி ஆணையம் அமைந்தது. முப்பத்தைந்து வருஷம்! செருப்பு எறிந்தவன் பெயர் பத்திரிகையில் வந்தது. முப்பத்தைந்து வருஷம் தஸ்தாவேஜைச் சுமந்தவன்தான் ஆணையத்தைக் கொண்டுவந்தான்.

கூப்பாடு வேண்டும். கூப்பாட்டோடு வீட்டுக்குப் போய்விட்டால், கூப்பாடு யாருக்கும் உபயோகமில்லை. சர்க்காருக்கு அது மிகவும் சௌகரியம். ஒரு பந்தை நிறுத்திக் காட்டிவிட்டால் ஜனங்கள் திருப்தியாய்ப் போய்விடுவார்கள் என்று தெரிந்தால், எந்த சர்க்கார் அதற்குமேல் கஷ்டமான காரியத்தைச் செய்யும்?

நம் கையில் இருப்பது

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

1983 முதல் இலங்கையிலிருந்து உயிருக்குப் பயந்து வந்த தமிழர்கள் தமிழ்நாட்டில் நூறுக்கு மேற்பட்ட முகாம்களில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறார்கள். ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். 2021-ல் அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். வீடுகளும் கட்டத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே பிறந்து, இங்கே நம் பள்ளிக்கூடத்தில் படித்து, நம் மண்ணில் பந்து விளையாடும் பையன் எந்த நாட்டான்? 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இங்கே பிறந்தவனுக்குப் பிறப்பினாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவனுக்கு, தாய் தகப்பன் இருவரும் அகதிகளாயிருந்தால், இல்லை. 2019-ல் டில்லி கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த சில மதத்தாருக்கு வழி திறந்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025-ல், 2015 தொடக்கத்துக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, காகிதமில்லாத குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். தண்டிப்பதில்லை என்பது ஒன்று. நீ எங்களவன் என்பது வேறொன்று.

அந்தப் பையன் நன்றாய் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜில்லாவில் முதலாவது வருகிறான். அதற்குமேல்? கடவுச்சீட்டு இல்லாதவன் எந்த நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு எந்த மைதானத்துக்குப் போவான்? அவனை இலங்கை ராணுவம் நிறுத்தவில்லை. நாம் நிறுத்தி வைத்திருக்கிறோம். தூரத்துக் கொழும்புப் பையனைத் திருப்பி அனுப்பி வீரம் காட்டிய நாம், பக்கத்து முகாம்ப் பையனுக்கு வழி விட்டோமா?

ஆகவே மூன்று காரியங்களை நாம் சர்க்காரிடம் கேட்கவேண்டும் என்கிறேன். முதலாவது, எந்தக் குழுவை எதற்காக நிறுத்துவது என்பதற்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும். அது இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று தேர்தல் காற்றுக்கு ஆடக்கூடாது. இரண்டாவது, எந்தக் காலத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் கை வைக்கக்கூடாது. மூன்றாவது, முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை வேண்டும். இது டில்லியின் சாவி. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒவ்வொரு பிரதிநிதியும் இந்த ஒரு கேள்வியோடு டில்லியில் எழுந்து நிற்க, நாம் அவர்களை இங்கே கேட்டால் போதும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். 2013-ல் நானும் கோஷம் போட்டவன் என்று முன்னமே சொன்னேன். நான் தவறாய் இருந்தது உண்டு, இப்போதும் இருக்கலாம். வீட்டுக்குப் போய் அந்த மூன்று கேள்விகளையும் உங்கள் அறிவைக் கொண்டு உரசிப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறென்று பட்டால் தள்ளிவிட்டு, அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் ஏறி என்னைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.